ஹங்கேரிப் பாதரின் வைன் கிடங்கு

வைன் வார்த்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறவள் குடித்தாலும் பழி, குடிக்காவிட்டாலும் பழி. குடித்தால் "ஆளிலை மணக்குது" என்பார்கள். குடிக்காவிட்டால் "தான் வாயிலை வைக்காததை எங்களுக்கு வார்க்கிறா" என்பார்கள். தேத்தண்ணிக் கடையிலோ புடைவைக் கடையிலோ நாள் முழுக்க நின்று, சிரித்துச் சிரித்துக் கன்னக் கொடுப்பு நொந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்லுவது உங்களுக்கு உடனே விளங்கும்.

தெல்லிப்பழைப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் முந்திரிகைத் தோட்டம் இருந்தது. வெளியூரார் திராட்சை என்பதைத்தான் நாங்கள் முந்திரிகை என்கிறோம். பூசைக்கு வேண்டிய வைனை மடமே செய்தது. மிச்சத்தைப் போத்தலில் அடைத்து விற்றது. என்ரை பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு திசையாகப் போனபிறகு, வீட்டில் தனியே இருந்து யோசிக்காமல் அங்கே வேலைக்குப் போனேன். வருகிறவர்களுக்குப் பந்தலைக் காட்டி, வைன் அறையைக் காட்டி, சின்னக் கிளாஸில் ஒரு மிடறு வார்த்துக் கொடுக்க வேணும். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்பு. போதாததுக்குச் செபமாலை இருந்தது.

கலியாணத்துக்கு வைன்

கீரிமலைக்குக் குளிக்கப் போகிறவர்கள் வழியில் எங்களையும் எட்டிப் பார்ப்பார்கள். அப்படி வந்தவர் ஒரு அண்ணை. வெள்ளை வேட்டி, பெரிய மனுசத் தோற்றம். மகளின் கலியாணத்துக்கு வைன் எடுக்க வேணும், முதலில் ருசி பார்க்க வேணும் என்றார். வார்த்தேன். நாக்கில் உருட்டி, பந்தலைப் பார்த்து, "யோசிக்க வேணும்" என்றார். அடுத்த ஞாயிறும் வந்து யோசித்தார். அதற்கடுத்த ஞாயிறு இரண்டு தரம் யோசித்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள், கலியாணம் எப்ப என்று கேட்டேன். இன்னும் பேச்சுக்கால் தொடங்கவில்லை என்றார். "மகளுக்கு இப்ப என்ன வயசு, அண்ணை?" என்றேன். கிளாஸைக் கவிழ்த்துக் கடைசித் துளியையும் வாங்கிக்கொண்டு சொன்னார்: "வாற தையோடை நாலு முடியுது, தங்கச்சி."

அண்ணாந்து பறிக்கிற ஊர்

எண்பத்தைந்தாம் ஆண்டளவில் லாஸ்லோ பாதர் மடத்துக்கு வந்தார். ஹங்கேரிக்காரர். இந்த நாட்டுக்கு வந்து கனகாலம். தமிழைப் புத்தகத்தில் படித்தபடியால் புத்தகம் மாதிரியே கதைப்பார். அவருடைய ஊர் முழுக்க முந்திரிகை மலையாம். மலையின் கல்லைக் குடைந்து வைன் கிடங்குகள் வைத்திருப்பார்களாம். பிறநாட்டுச் சனம் வந்து, கிடங்கு கிடங்காக இறங்கி ருசி பார்த்து, ஆற்று மீன் சூப் குடித்து, மலை உச்சியில் ஏறி நின்று ஊரைப் பார்த்துவிட்டுப் போகுமாம். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தபிறகு இவர் அங்கே திரும்பிப் போக வழியில்லை.

முதல் நாள் எங்கள் பந்தலுக்குக் கீழே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அங்கே கொடி இடுப்பளவுதானாம். மேலே தொங்கின குலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்கள் ஊரில் குனிந்து பறிப்போம், மரியம்மா. நீங்கள் வானத்தைப் பார்த்துப் பறிக்கிறீர்கள். செபத்துக்கு இதுதான் வசதி."

வெங்காயக் கணக்கு

செபம் நல்லாய்த்தான் போனது, வைன்தான் போகவில்லை. எங்கள் வெக்கைக்குப் பீப்பாவில் இருக்கிற வைன் சித்திரை வருமுன் புளித்துவிடும். பூசை வைக்கிற சாமிமார் பீடத்திலேயே முகத்தைச் சுளிப்பார்கள். பாதர் வந்த வருசமும் அப்படித்தான். மடத்துத் தலைவி மதர் நல்ல மனுசி, ஆனால் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவ. நிலத்தைச் சும்மா கிடக்க விடமாட்டா. பாதருக்குப் பந்தலைவிட்டால் வேறே ஊர் இல்லை என்று எங்களுக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். என்றாலும் சொல்லிப்போட்டா: "பாதர், அடுத்த வருசமும் புளிச்சால் கொடியைப் பிடுங்கிப்போட்டு வெங்காயம் நடுவம். வெங்காயம் புளிக்காது."

சிவப்பு மீன் குழம்பு

பாதரைத் தேற்ற வேணும் என்று சமையல்கார பிலோமினா அக்கா நினைத்தா. அவ குருநகர்க் கடற்கரைப் பெண், மீன் என்றால் விடமாட்டா. பாதரின் ஊர்ச் சூப்பும் மிளகாய்த்தூளில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவது என்று கேள்விப்பட்டு, விளைமீன் வாங்கி, எங்கள் தூளில் ஒரு குழம்பு வைத்தா. நிறத்தைக் கண்டதும் பாதருக்கு முகம் மலர்ந்தது. "நான் மிளகாய்த்தூளில் பிறந்தவன்" என்று சொல்லி, கரண்டியால் அள்ளிக் குடித்தார்.

ஹங்கேரி மிளகாய் நிறத்துக்கு மட்டும்தான் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மனுசன் மூச்சு விடவில்லை. காது சிவந்தது. கண்ணால் தண்ணீர் ஓடினது. பிலோமினா அக்கா பயந்து மோர்ச் செம்போடு ஓடிவந்தா. அவர் கையைக் காட்டி நிறுத்தி, கோப்பையை முடித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்: "நான் அழவில்லை, பிலோமினா. என் கண்கள் செபிக்கின்றன."

தண்ணீர் வந்த கிடங்கு

வைனைக் காக்கக் கிடங்கு ஒன்றுதான் வழி என்று பாதர் முடிவெடுத்தார். மலை இல்லாவிட்டால் என்ன, கீழே கல் இருக்கிறதே. கிணறு வெட்டுகிற கந்தையா அண்ணையைக் கூப்பிட்டு, இரண்டு ஆள் ஆழத்தோடு நிறுத்தவேணும், வைன் வைக்கிற அறை இது என்று விளக்கினார். அண்ணை எல்லாவற்றுக்கும் "ஓம் பாதர், ஓம் பாதர்" என்றார்.

பாதர் வேறு கோயிலுக்குப் பூசைக்குப் போய்த் திரும்பி வருகிறார், குழி வாசலில் தேங்காய் உடைத்திருக்கிறது, கற்பூரம் எரிகிறது. கீழே முழங்கால் அளவு தண்ணீர். அண்ணை ஒரு சிரட்டையில் அள்ளி நீட்டி, "குடிச்சுப் பாருங்கோ, உப்பே இல்லை!" என்கிறார். தோண்டின குழியில் தண்ணீர் காணாமல் ஏறுவது அவருக்கு மானப் பிரச்சினை. பாதர் தலையில் கை வைத்துக்கொண்டு கல்லில் இருந்துவிட்டார். பிறகு அண்ணையே கல்லும் மண்ணும் போட்டுத் தண்ணீரை மூடி, இறங்கிப் போகச் சரிவும் வெட்டி, பனங்குற்றியால் கூரையும் போட்டுத் தந்தார். போகும்போது என்னிடம் மெல்லச் சொன்னார்: "முப்பது வருசமாய்க் கிணறு வெட்டுறன். நல்ல தண்ணி வந்ததுக்குக் கவலைப்பட்ட ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

பூஞ்சணம்

கிடங்கு நல்ல குளிர்மை. அந்த வருசத்து வைன் முழுக்க, ஐந்து பெரிய பீப்பாவும் ஒரு சின்னப் பீப்பாவுமாக, உள்ளே இறங்கியது. கொஞ்ச நாளில் சுவரில் பூஞ்சணம் பிடித்தது. நானும் பிலோமினா அக்காவும் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். பாதர் வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்து, செத்த வீட்டில் நிற்கிறவர் மாதிரி நின்றார். அவருடைய ஊரில் கறுத்த பூஞ்சணம்தான் கிடங்குக்கு அழகாம். அதைப் பார்க்கவென்றே சனம் வருமாம். நியாயம் கேட்டு மதரிடம் போனார். மதர் சொன்னா: "ஹங்கேரியிலை பூஞ்சணம் இருக்கட்டும், பாதர். இது கன்னியர் மடம்."

உருட்டின பீப்பா

மாசி மாதம் ஒரு காலை இராணுவ முகாமிலிருந்து ஷெல் வந்து விழத் தொடங்கியது. எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், பதுங்குகிறதுக்குப் பனங்குற்றி போட்ட கிடங்கு இது ஒன்றுதான். பாயோடும் பானையோடும் குழந்தைகளோடும் சனம் ஓடிவந்தது. வாசலில் வந்து நின்றால் உள்ளே முழுக்கப் பீப்பா. வெளியில் வெயில் எரிக்கிறது. அதில் வைத்தால் வைன் கெட்டுவிடும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். நான் பாதரின் முகத்தைப் பார்க்கப் பயந்து செபமாலையைப் பார்த்தேன். அவர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் பீப்பாவில் தானே கையை வைத்தார். "பீப்பாய்களுக்கு ஆத்துமா இல்லை. உருட்டுங்கள்."

பொன்னம்மா மாமியின் இருக்கை

பெரிய பீப்பா ஐந்தும் வெளியே போயின. சின்னது மட்டும் மூலையில் கிடந்தது, ஏனென்றால் அதன்மேல் பொன்னம்மா மாமி இருந்தா. பக்கத்து வளவு மாமி சுத்த சைவம். எங்கள் குசினியில் மீன் சமைக்கிறபடியால் மடத்துத் தண்ணீரும் குடியாதவ. முழங்கால் வாதம், நிலத்தில் குந்த ஏலாது என்று, பீப்பாவில் ஒரு சாக்கை விரித்து ஏறி இருந்துவிட்டா. எழும்பச் சொல்லலாமென்றால் காரணம் சொல்ல வேணும். அதற்குள்ளே இருப்பது மதுவென்று தெரிந்தால், மாமி எழும்புவது மட்டுமில்லை, ஷெல்லுக்குள்ளே வெளியே நடந்து போனாலும் போவா.

அந்தக் கிழமை ஏழு நாளும், ஷெல் விழும்போதெல்லாம் அதே சனம், அதே இருக்கை. ஒரு பக்கம் நாங்கள் செபமாலை சொல்ல, மறுபக்கம் மாமி தேவாரம் பாட, ஆண்டவர்மார் இரண்டு பேருக்கும் ஓய்வில்லை. ஒருநாள் மாமி பீப்பாவைத் தட்டி, "இதுக்குள்ளை என்ன, பாதர்?" என்று கேட்டா. பாதர் பொய் சொல்லாத மனுசன். "முந்திரிகைப்பழம், அம்மா" என்றார். மாமி தலையாட்டினா: "அதுதானே, குந்தியிருக்க நல்ல குளிர்மையாய்க் கிடக்கு."

இன்னொரு கிளாஸ்

சத்தம் ஓய்ந்தபிறகு வெளியில் கிடந்த ஐந்தையும் திறந்து பார்த்தோம். எல்லாம் புளித்து வினாகிரி. ஒழுங்கை முழுக்க அந்த வருசம் ஊறுகாய்க்குக் குறைவில்லை. மதரின் விதை வெங்காயம் ஏற்கெனவே முற்றத்துக்கு வந்துவிட்டது. கடைசியாகச் சின்னப் பீப்பாவைத் திறந்தோம். இரண்டு கிளாஸ் வார்த்தேன். மதர் ஒரு மிடறு குடித்தா, முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது மிடறும் குடித்தா. பிறகு, வெங்காயச் சாக்கு வந்த வழியே போகட்டும் என்று கையைக் காட்டினா. பாதர் தன் கிளாஸை முடித்து என்னிடம் நீட்டினார். "எங்கள் ஊரில் இதை எவரும் குடிக்கமாட்டார்கள், மரியம்மா. இன்னொரு கிளாஸ் ஊற்றுங்கள்."

பின்னேரம் வேலிக்கு மேலால் பொன்னம்மா மாமி கூப்பிட்டு, "நான் இருந்த கதிரை தப்பினதோ?" என்று கேட்டா. நான் திகைத்துப்போய், ஓம் என்றேன். "எங்கடை அவர் உயிரோடை இருக்கேக்கை போத்திலை எங்கை ஒளிச்சாலும் மணத்திலை பிடிச்சவள் நான், பிள்ளை. அண்டைக்கு உந்தப் பாதரின்ரை முகத்தைப் பாத்தன். நான் எழும்பினால் இதையும் உருட்டிப்போடுவார் எண்டுதான், முழங்காலைச் சாட்டிக் குந்தியிருந்தனான்."

நல்ல வைனுக்கு மலை வேணும், கிடங்கு வேணும், பூஞ்சணம் வேணும் என்று அறிந்தவர்கள் சொல்லுவார்கள். நான் கண்டமட்டில் முக்கியமாக வேண்டியது, அதை வாயில் வைக்காத ஒரு மனுசி அதன்மேல் அசையாமல் குந்தியிருப்பதுதான்.