கமலவேணி போட்ட வளையல்

காஜா பெராங் வட்டாரத்தில் கமலவேணியின் கண்ணுக்குத் தப்பிய விஷயம் எதுவும் கிடையாது. யார் வீட்டில் ஆட்டிறைச்சி, யாருக்குப் புதுச்சேலை, யாருடைய வயிறு மேடு தட்டுகிறது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். அதிலும் வயிற்றைத்தான் அதிகம் பார்ப்பாள். கல்யாணமாகி எத்தனையோ வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. லாரி ஓட்டும் புருஷன் மருதமுத்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனுக்கும் சேர்த்து மாமியார் பேசிவிடுவாள்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், கொழுந்தன் தம்பிராஜாவின் மனைவி கோகிலா முழுகாமல் இருக்கிறாள் என்று மாமியார் அடுப்படியில் வந்து சொன்னாள். கமலவேணி அம்மியில் இன்னும் நாலு மிளகாயை வைத்து அரைத்தாள். அன்றைக்கு வைத்த குழம்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு மீனின் நடுத்துண்டு கோகிலாவுக்கு. வாசல் காற்று கோகிலாவுக்கு. ஏழாம் மாசம் வளைகாப்பும் வந்தது. துக்காங் எமாஸ் தெருப் பக்கம் போய், ஷரீஃபுதீன் கடையில் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி வளையல்களைப் பொறுக்கி வாங்கி வந்தவள் கமலவேணிதான். ஆனால் மனையில் உட்கார்ந்திருந்த கோகிலாவுக்கு முன்னால் வந்து நின்றதும் மாமியார் முறைத்தாள்.

"நீ எதுக்கும்மா முன்னாடி வர்றே? உள்ளே போய்ப் புளிச்சோத்தைக் கிளறு."

வாங்கி வருவதற்கு ஆகிற கை, போட்டுவிட மட்டும் ஆகாது. கமலவேணி கிளறிய கிளறலில் சோறு கூழாகிவிட்டது.

மறுநாள் காலையில் கொல்லைக் கொடியில் சாரோங்குக்கு அடியில் ஒரு துணி காய்வதைப் பார்த்தாள். மாதவிலக்குத் துணி. அவளுடையது இல்லை. 'மாட்டினாயா!' என்று நெஞ்சு குதித்தது. நேரே போய், குளித்துவிட்டு வந்த கோகிலாவை மறித்துக் குளியலறை வாசலை அடைத்து நின்றாள்.

"ஏழு மாசக்காரிக்கு எதுக்குடி இந்தத் துணி? இடுப்புல தலகாணியா கட்டியிருக்கே?"

"கத்தாதீங்க லா அக்கா! அப்பப்ப கொஞ்சம் படுது. அத்தைகிட்டச் சொன்னா வளைகாப்பை நிறுத்திடுவாங்கன்னுதான்…"

கமலவேணி தலையணையை உருவக் கையை விட்டாள். தலையணை இல்லை. வயிறுதான் இருந்தது. ஒரு பக்கமாகத் தள்ளி, உரிக்காத தேங்காய்போல் இறுகிக் கிடந்தது.

"பிள்ளை உதைக்குதா?"

"இதுவரைக்கும் உதைச்சதே இல்லக்கா" என்று சொல்லிக் கோகிலா அழுதாள்.

கமலவேணி அவளைப் பெச்சா ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் நல்லையா குழல் வைத்துக் கேட்டார். குழந்தையின் துடிப்பு இல்லை. எக்ஸ்ரேயில் பிஞ்சு எலும்பு ஒன்றுகூட இல்லை.

"இது பிள்ளை இல்லை. சூலகத்தில வளர்ந்த கட்டி" என்றார். "புற்றுநோயின் தொடக்கமாவும் இருக்கலாம், ஒண்டும் இல்லாமலும் போகலாம். வெளியில எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும். உடையாமல் முழுசா எடுக்கவேணும். மற்றப் பக்கச் சூலகம் சுத்தமா இருந்தா அதையும் கருப்பையையும் விட்டுவைக்கலாம், பிள்ளைக்கு வழி உண்டு. ஆனா கட்டி திரும்பவும் வரலாம், அடிக்கடி வந்து காட்டவேணும். எல்லாத்தையும் எடுத்துட்டா அந்தப் பயம் குறையும். பிள்ளை மட்டும் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

செய்தி கேட்டு ஓடிவந்த மாமியார், "கண்ணு போட்டே கெடுத்துட்டா பாவி!" என்று வராந்தாவில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். தம்பிராஜா வேலை உடுப்போடு வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, எனக்கு ஒண்ணும் ஓடலை. நீங்களே சொல்லுங்க."

கமலவேணிக்கு உள்ளே ஏதோ இனித்தது. எல்லாம் போகட்டும். அப்புறம் நடுத்துண்டு யாருக்கு என்று பார்ப்போம். இந்த வீட்டில் தட்டை வயிறு இரண்டாகட்டும்.

"உசுருதான் பெருசு. எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லுங்க தம்பி" என்றாள்.

யார் கேட்டாலும் நல்ல புத்தி என்றுதான் சொல்வார்கள். கோகிலா மட்டும் தலையணையிலிருந்து அவளையே பார்த்தாள்.

"அக்கா, என் கையைப் பிடிச்சுச் சொல்லுங்க. அதை எனக்காகச் சொன்னீங்களா, உங்களுக்காகச் சொன்னீங்களா?"

கமலவேணி கையைப் பிடித்தாள். பச்சை வளையல் உள்ளங்கையில் உறுத்தியது. பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

"எனக்காகத்தான்டி."

தம்பிராஜா திகைத்துப் போனான். கோகிலா கோபப்படவில்லை.

"அப்படின்னா சுத்தமா இருந்தா ஒரு பக்கம் இருக்கட்டும். வருஷம் முழுக்க வந்து காட்டுறேன். நீங்கதான் கூட வரணும்."

மறுநாள் காலை நர்ஸ் மிஸ்ஸி வந்து, வளையலோடு ஆபரேஷன் அறைக்குள் விடமாட்டோம் என்றாள். "கட்டினவன் இருக்கும்போது கையை மொட்டையாக்குறதா!" என்று மாமியார் மறித்தாள். கமலவேணி அவளை ஒதுக்கிவிட்டு, சவர்க்காரம் தடவி ஒவ்வொன்றாய்க் கழற்றினாள். ஒன்றும் உடையவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். கட்டி உடைந்துவிடக் கூடாது என்று வேண்டினாள். மற்றப் பக்கமும் சுத்தமாக இருக்கட்டும் என்று வேண்ட மட்டும் வாய் கூசியது. கடைசியில் அதையும் வேண்டிக்கொண்டாள், வேண்டாவெறுப்பாக.

கட்டி முழுசாக வந்தது. மற்றப் பக்கம் சுத்தம். சோதனைக்குப் போன துண்டின் முடிவு சில வாரம் கழித்து வந்தது: புற்று தொடங்கியிருக்கிறது, ஆனால் கட்டியின் மேலுறையைத் தாண்டவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே, போட்டுவிட வளையலைக் கேட்டு மாமியார் கையை நீட்டினாள். கோகிலா அவளைத் தாண்டிக் கமலவேணியிடம் இரண்டு கையையும் நீட்டினாள்.

"நீங்க போடுங்கக்கா."

கமலவேணி முந்தானையை அவிழ்த்தாள். அந்த வயிற்றில் பாதி போயும் இன்னும் ஒரு வழி மிச்சம். தனக்கு முழுசாக இருந்தும் ஒன்றுமில்லை. வளையலைக் கொஞ்சம் அழுத்தியே ஏற்றினாள்.

"ஆ! வலிக்குதுக்கா."

"வலிக்கட்டும்" என்று சொல்லி அடுத்ததை எடுத்தாள்.