பூ விழட்டும்

எங்கள் வீட்டுப் பீஸ் லில்லிச் செடியைக் கொண்டு வந்தவர் என் கணவர். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்து ஆபீஸை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, கணக்கெழுதும் கிராணியின் மேசையோரம் இருந்த செடியை யாரோ வெளியே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதை லோரியின் முன்சீட்டில் உட்கார வைத்துக் கோலா சிலாங்கூருக்குக் கொண்டு வந்தார். சட்டி வாங்கும் பழக்கமெல்லாம் எங்களுக்கு ஏது? தோட்டத்து ஆட்கள் காலி பெயிண்ட் டின்னைக் கண்டால் விடமாட்டோம். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அதில் நட்டு, ஹால் ஜன்னலோரம் வைத்தார்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மூன்றாம் மாடி வீட்டில் நானும் அத்தையும் டின்னும் மிஞ்சினோம். அத்தை என்றால் என் மாமியார். நாங்கள் சண்டைக்காரர்கள் இல்லை. ஒரே டிவி, ஒரே சோற்றுப் பானை, நடுவில் பேச எதுவும் இல்லாத இரண்டு பொம்பளைகள், அவ்வளவுதான். சண்டை இருந்திருந்தால் பொழுதாவது போயிருக்கும். பக்கத்துக் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து போனார்கள். நாங்கள் இருவரும் மார்க்கெட்டைத் தாண்டியதில்லை.

கிள்ளானில் என் அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். மேல்மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, வந்து என்னோடு தைத்துக்கொண்டிரு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் போக ஆசை. சும்மா ஆசை இல்லை, மூச்சு முட்டுகிற ஆசை. அத்தையைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது என்பதுதான் தடை. வருஷத் திதி முடிந்ததும் உலு யாமிலிருக்கும் நாத்தனார், அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போக வந்து நின்றாள். கதவு திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

அத்தை மாட்டேன் என்று சொல்லவில்லை. மகன் கொண்டு வந்த செடி இல்லாமல் வரமாட்டேன் என்றார். சரி என்று தூக்கக் குனிந்தால், டின் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. இழுத்தால் அடி கழன்றுவிடும். அப்படியானால் செடியைச் சட்டிக்கு மாற்றிவிடுவோம் என்றேன். அங்கேதான் பிடிவாதம் பிடித்தார்.

"பூத்த செடிய பேத்தெடுக்கக் கூடாதுமா. புள்ளத்தாச்சிய வீட்ட விட்டுத் தொரத்துற மாதிரி அது. பூ விழட்டும், போலாம்."

இது தோட்டத்து லயத்தில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். மல்லிக்கும் செம்பருத்திக்கும் சரி. பீஸ் லில்லிக்கு யார் எடுத்துச் சொல்வது? அதில் நாம் பூ என்று சொல்வது வெள்ளையாய் வந்த ஓர் இலை. அது லேசில் விழாது. வெளுப்பு மாறிப் பச்சையாகி அப்படியே நிற்கும், அதற்குள் பக்கத்தில் இன்னொன்று சுருள் பிரிக்கும். பச்சையாகி நிற்பதும் அத்தை கணக்கில் பூதான். நாத்தனார் தீபாவளிக்கு வந்தாள், பூ இருந்தது. சீனப் பெருநாள் லீவுக்கு வந்தாள், பூ இருந்தது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். எங்கள் வீட்டுக் குதிரை சறுக்கக்கூட வேண்டியதில்லை.

நான் திருட்டு வேலையும் பார்த்தேன். நல்ல இலை ஒன்றைக் காம்போடு கிள்ளி, போத்தலில் தண்ணீர் விட்டு, என் அறை ஜன்னலில் திரைக்குப் பின்னால் வைத்தேன். வேர் விட்டதும், இதுவும் அதே செடிதான், எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று சொல்லலாம் பாருங்கள். காம்பு அழுகி நாறியது. இந்தச் செடி இலையிலிருந்து வேர் விடாது. அடித்தண்டும் வேருமாகப் பிரித்து நட்டால்தான் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு விடியலில் குசினியில் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அரிசி கழுவிய தண்ணீரை அத்தை சொம்பில் கொண்டுபோய் டின்னில் ஊற்றிக்கொண்டிருந்தார். மீன் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹாலில் அடித்த நாற்றத்துக்கு நான் வீணாகச் சாக்கடையைத் திட்டியிருக்கிறேன். எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூ எப்போது விழும் என்று நான் காத்துக் கிடக்க, நீங்கள் அதற்குத் தீனி போட்டுப் பூக்க வைக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சொம்பைக் கீழே வைக்கவில்லை.

"அங்க போனா நான் பேரப்புள்ளைங்கள பாத்துக்குற கெழவிமா. இங்கதான் நான் அவன் அம்மா."

நான் போய்ப் பல் துலக்கினேன். அவர் மேலிருந்த கோபத்தில் பாதி அன்றோடு போனது. என் மூச்சுமுட்டல் மட்டும் குறையவில்லை.

கடைசியில் செடிக்கே பொறுக்கவில்லை. கடும் வெயிலில் ஒரு மதியம் இலைகள் அத்தனையும் டின்னைச் சுற்றித் தொங்கிவிட்டன. வழக்கமாகத் தண்ணீர் விட்டால் எழுந்துவிடும். அன்று ஊற்றியதெல்லாம் அடி ஓட்டை வழியாக நேரே தரைக்கு ஓடியது. பொழுது சாயும்வரை அத்தை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் பார்த்தால், மீன் வெட்டும் கத்தரிக்கோலால் வெள்ளைப் பூ, பச்சைப் பூ எல்லாவற்றையும் நறுக்கி என் கணவர் படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

"இப்ப பூ இல்லலா. டின்ன வெட்டு."

வெட்டினேன். உள்ளே மண் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வேரை வேர் சுற்றி இறுகிக் கிடந்தது. டின்னை உரித்து எடுத்த பிறகும் அது டின் வடிவத்திலேயே நின்றது. தண்ணீரில் ஊறப் போட்டு, விரலால் சிக்கெடுத்து, அழுகியதை நறுக்கினேன். சாறு பட்டுக் கை அரித்தது. நான் ஒரு சட்டிதான் எடுத்து வைத்திருந்தேன். அத்தை எழுந்துபோய்க் குசினியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு வந்தார்.

"ரெண்டா பிரி. ஒண்ணு உனக்கு. அவன் எனக்கு மட்டுமா?"

நான் அழுதுவிட்டேன். என் கணவர் போன நாளிலிருந்து, அவர் எனக்கும் உரியவர் என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டு செடியும் சில நாள் துவண்டு கிடந்து எழுந்தன. நாத்தனார் காரோடு வந்தாள். அத்தை முன்சீட்டில் ஏறி, சட்டியை மடியில் வைத்து, செடிக்கும் சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டு போனார். நான் படியேறி வந்து, டின் இருந்த இடத்துத் துரு வட்டத்தைத் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை.

இனி என்னைப் பிடித்து வைக்க யாரும் இல்லை. துணிகளைப் பையில் அடுக்கிவிட்டேன். கிள்ளான் பஸ் நடக்கிற தூரத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் அரிசி கழுவுகிறபோது அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வருவதில்லை, என் செடி இருக்கும் வாளியில்தான் ஊற்றுகிறேன். போன வாரம் அக்கா போன் செய்து, அத்தைதான் போய்விட்டாரே, இன்னும் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"செடி பூத்திருக்குக்கா," என்றேன். "பூ விழட்டும்."