வள்ளம் ஒட்டும் மருந்து

என் தலை நரைத்ததே சேதன இரசாயன ஆய்வுகூடத்துக்குள்தான். சுயாதீன மூலிகங்கள் என் துறை. ஒற்றை இலத்திரனோடு பிறந்து, கிட்ட வந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு, கண்மூடித் திறப்பதற்குள் இல்லாமற்போகும் துணுக்குகள் அவை. அவற்றை உண்டாக்கப் பெரொட்சைட்டு வேண்டும். குண்டு செய்யலாம் என்று யுத்த காலத்தில் அதற்குக் கட்டுப்பாடு; ஒரு சின்னப் போத்தலுக்கு நான் அனுமதி கேட்டுப் படியேறாத கந்தோர் இல்லை. பக்கத்து அறைக்காரர் தமிழர் இல்லை என்பதால் அவருக்கு மேசைக்கே வந்தது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வங்காலையில் மீள்குடியேறிய தம்பிக்கு உதவியாக ஒரு பைபர் வள்ளம் கிடைத்திருந்தது. அது கல்லில் அடிபட்டு அடியில் ஓட்டை விழுந்துவிட்டது. மீன் பருவம் தொடங்கிவிட்டது. வள்ளம் இறங்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒட்டுவதற்குப் பிசின் இருந்தது, அதை இறுக வைக்கும் மருந்து மன்னாரில் இல்லை. கொழும்பிலிருந்து என்னைக் கொண்டுவரச் சொன்னான். அதுவும் ஒரு பெரொட்சைட்டுத்தான்.

சோதனைச் சாவடியில் சிப்பாய் போத்தலைத் தூக்கி என்னவென்று கேட்டான். வள்ளம் ஒட்ட என்றால் விட்டிருப்பான். மீனவர்கள் அப்படிச் சொல்லித்தான் கொண்டுபோனார்கள். நானோ சிங்களத்தில் விரிவுரையே நடத்தினேன். அது எப்படிச் சிதையும், சூடேறினால் எப்படி வெடிக்கும் என்பதோடு நிற்காமல், என்னிடம் கேள்வி கேட்க அவனுக்கு என்ன தகுதி என்பதுவரை போனேன். போத்தலைப் பறித்து என்னை வாங்கில் இருத்தினார்கள்.

செய்தி கேட்டுத் தம்பி சைக்கிளில் வந்தான். என் பக்கம் திரும்பாமல் நேரே அதிகாரியிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, இவர் என்ர அண்ணன். சண்டைக்குள்ள செல்லடி பட்டு மூளை பிசகினவர். தன்னைப் பெரிய புரொபெசர் எண்டு சொல்லித் திரிவார். அது வள்ளம் ஒட்டுற மருந்து."

நான் காட்டியிருந்த அடையாள அட்டை படிக்கிற காலத்தில் எடுத்தது. அதில் தொழில் மாணவன் என்றிருந்தது. பல்கலைக்கழக அட்டை சட்டைப்பைக்குள் கிடந்தது. அதை எடுத்தால் போத்தல் திரும்பாது. உண்மையா என்று அதிகாரி கேட்டார். தம்பி என்னை முறைத்தான்.

"ஓம்," என்றேன்.

போத்தலைத் தந்தார்கள். அந்தச் சிப்பாய் என் தோளைத் தட்டி, கையில் ஒரு பிஸ்கட்டும் வைத்தான். தின்னும்படி தம்பி கண்ணைக் காட்டினான். தின்றேன்.

வள்ளம் அந்தக் கிழமையே கடலில் இறங்கியது. அவர்கள் இருவரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தம்பியைப் பொய் சொன்னதற்காக. சிப்பாயை, என்மீது இரக்கப்பட்டதற்காக.