மூன்று கண் கேமராவுக்குச் சூடம் காட்டியது

என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி கறம்பக்குடிப் பக்கம் கடலை விவசாயம் பார்க்கிறார். அதற்கு முன்னால் பதினான்கு வருடம் மெட்ராசில் சினிமா கேமரா தூக்கினார். படம் எடுத்ததில்லை, தூக்கினார். கம்பெனியை மூடியபோது முதலாளி ஒரு பழைய பிலிம் கேமராவை இவரிடமே கொடுத்து அனுப்பிவிட்டார். கையில் பிடித்தே எடுக்கலாம். முன்னால் வட்டத் தகட்டில் மூன்று லென்ஸ். வாரம் ஒருமுறை அதை மெத்தென்ற பிரஷ்ஷால் துடைப்பார். இத்தனை வருடத்தில் என் முகத்தில் ஒட்டிய மாவைக்கூட அப்படித் துடைத்ததில்லை.

என் தம்பி குணசேகரன் வரும்போதெல்லாம், "மச்சான், படம் எப்ப ரிலீசு?" என்பான்.

"பிரகதீஸ்வரி கல்யாணத்தன்னைக்கு வா மாப்ள. எம்மகளுக்குத் தாலி கட்டுறத இதுலதான் எடுப்பேன்."

கூட வேலை பார்த்த ஒருவரிடம் கெஞ்சி ஒரே ஒரு பிலிம் சுருள் வரவழைத்து, ஃபிரிட்ஜில் என் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நாலு நிமிடம்தான் ஓடும். வேறு கிடைக்காது.

கல்யாணத்துக்கு இருபது நாள் முன்னால் ஆயுத பூசை வந்தது. இவர் பத்திரிகை வைக்க ஜெகதாப்பட்டினம் போயிருந்தார். மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் சாவி எல்லாம் துடைத்து வைத்தேன். கேமராவையும் வைத்தேன். மூன்று கண் உள்ளதை எப்படி விடுவது? அப்புறம்தான் சுருள் நினைவு வந்தது. மூடிக் கிடப்பதற்குப் பொட்டு வைத்தால் அது டப்பாவுக்கு வைத்த பொட்டாகிவிடும். டேப்பைப் பிரித்து, கருப்புப் பையை நீக்கி, சுருளை இலையில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு இதத் தொறந்தது?"

"நாந்தாங்க. சாமிக்கு."

"வெளிச்சம் பட்டா பிலிம் போயிரும், உண்ணாமலை."

"சூட வெளிச்சந்தானங்க."

"சூடம்னு அதுக்குத் தெரியாதே."

அதட்டியிருந்தால் தேவலை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் அவரே, "மேல் சுத்துதான் போயிருக்கும். உள்ள தப்பியிருக்கலாம். கெட்டத முதல்ல ஓட்டித் தள்ளிட்டு, தாலி கட்டுறப்ப நல்லதுக்கு வந்துரணும்" என்றார்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கேமராவோடு என்னிடம் வந்தார்.

"அங்கிட்டு சன்னல் பக்கம் நில்லு. கெட்ட பிலிம ஓட்டணும்."

"கெட்டதுக்குத்தான் நானா?"

"பின்ன, செவுத்தையா எடுக்கச் சொல்ற? தலையத் தூக்கு."

கேமரா கடலை உடைக்கிற மெஷின் மாதிரி கடகடவென்று ஓடியது. இரண்டு நிமிடம் நின்றேன். உள்சுற்றாவது பிழைக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டே நின்றதில் சிரிக்க மறந்துவிட்டேன். பிறகு மணவறைக்கு ஓடி, தாலி கட்டியதை எடுத்தார். கேலி பேசுகிற குணசேகரனே முன்னால் நின்று கூட்டத்தை விலக்கிவிட்டான்.

சுருளை மெட்ராசுக்குக் கழுவ அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துப் படம் போனில் வந்தது. முதல் இரண்டு நிமிடம் வெறும் வெள்ளை. அப்புறம் ஓரத்தில் புகை படிந்த மாதிரி இருந்தாலும், மகள் குனிந்த தலை, தாலிக்கயிறு பிடித்த மாப்பிள்ளையின் விரல், மூன்றாம் முடிச்சுப் போடுகிற நாத்தனார் எல்லாம் தெளிவாக வந்திருந்தது. நான் பூசை அறைக்குப் போய் விழுந்து கும்பிட்டேன்.

இப்போது வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிவிட்டு, "இதவிட முன்னால எடுத்ததுதாங்க பிரமாதம். சன்னல் வெளிச்சம் அப்படியே இவ மூஞ்சில விழுந்துச்சு" என்கிறார்.

"அத யாரு பாத்தா?" என்று கேட்டால், "நான் பாத்தேன்ல" என்கிறார்.