கெர்டா அக்கா பார்க்காத பந்து

வார்டில் டூட்டி மாற்றிக்கொடுக்கும்போது கைபேசி அதிர்ந்தது. ஜெர்மனியிலிருந்து கெர்டா அக்காவின் கணவர் அனுப்பிய செய்தி. திறக்கப் பயமாக இருந்தது. உடன் வேலை செய்யும் மும்தாஜிடம் நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றேன். "போச்சுக்கா" என்றாள்.

கெர்டா அக்கா கால்பந்தில் தன் நாட்டு அணிக்காகப் பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்று கோல் போட்டவர். கணவரின் வேலையோடு மஸ்கட் வந்து, இங்கே ரூவி பகுதியில் நர்சுகளும் கடைப் பெண்களும் ஆடும் எங்கள் வெள்ளிக்கிழமை அணியில் தானாகவே சேர்ந்தார். நான் கோல்கீப்பர். அவர் ஓடி வந்து உதைத்த பாதிப் பந்துகளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தடுத்தேன்.

அவரோடு ஆடிய எங்களுக்குத் தெரியும், பெனால்டி உதைத்ததுமே முதுகைத் திருப்பிக்கொள்வார். "கோல்" என்றோ "போச்சு" என்றோ நான்தான் கத்த வேண்டும். பெரிய ஆட்டக்காரி, பவிசு காட்டுகிறார் என்று நினைத்தோம். ஒருநாள் மும்தாஜ் கேட்டேவிட்டாள். "பயம்" என்றார். நாட்டுக்காக ஆடிய ஓர் ஆட்டத்தில் அவர் உதைத்த கடைசிப் பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியதாம். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எதையும் பார்க்கத் துணிவில்லையாம். "பயம் போகட்டும் என்று காத்திருந்தால் அப்புறம் ஒரு பந்தைக்கூட உதைத்திருக்க மாட்டேன்" என்றார்.

"அலை எப்ப ஓயுறது, தலை எப்ப முழுகுறது, அதானே?" என்று மும்தாஜ் சிரித்தாள். அதை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

போன வருடம் அவர் வயிற்றில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு தெரியும் நாளில் டாக்டர் அறைக்குள் வரவே மாட்டேன் என்றுவிட்டார். என்னை அனுப்பிவிட்டு, கதவுக்கு முதுகு காட்டி வராந்தாவில் நின்றார். நான் வெளியே வந்து அவர் பின்னால் நின்றேன். எங்களிடம் கற்ற தமிழில் கேட்டார்: "கோலா, போச்சா?"

பொய் சொல்லிவிடலாமா என்றிருந்தது. அந்தத் தோள்கள் அசையாமல் காத்திருந்தன.

"போச்சு" என்றேன்.

திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். சில்லென்றிருந்தது, என் கையும்தான். அடுத்த மாதமே சிகிச்சைக்காக ஊருக்குப் போய்விட்டார்.

நேற்றுதான் அவர் இறந்தபின் எங்கள் முதல் ஆட்டம். மைதானத்தில் பெனால்டி உதைக்க யாரும் முன்வரவில்லை. நான் போனேன். கோலில் மும்தாஜ் நின்றாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயமும், பயத்தோடேயே உதைக்கும் பழக்கமும்தான். உதைத்தேன். உதைத்ததும் என்னையறியாமல் திரும்பிக்கொண்டேன்.

பின்னால் சத்தமே இல்லை.

"மும்தாஜ், சொல்லுடி" என்றேன். அவள் அழுவது மட்டும்தான் கேட்டது.