செல்வியின் கணினியில் நான் தூவிய திருநீறு

அந்தக் கணினியைக் கெடுத்தவன் நான். செல்வி அல்ல... நான்!

கேமரன் மலையில் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம் மட்டும் எனக்குத் துணிச்சல் வந்துவிடுகிறது, பாருங்கள்!

நான் தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. செல்வி மலையில் கொழுந்து வெட்டுகிறவள். கைப்பேசியில் காணொளி பார்த்தே, உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கணினி பூட்டக் கற்றுக்கொண்டவள். அலுவலகத்துக்கு நான்கு கணினிகள் தேவைப்பட்டபோது துரை, அதாவது எங்கள் மேனேஜர், அவளை அழைத்தார்.

"ஒண்ணு செஞ்சு காட்டு. ஒழுங்கா ஓடுச்சுன்னா மத்த மூணும் நீதான். அப்புறம் மலைக்குப் போகவேணாம், ஆபீஸ்லயே இருந்துக்க."

அவள் பூட்டினாள். ஓடியது! இன்னொரு ரேம் தகடு மட்டும் ஈப்போவிலிருந்து வரவேண்டியிருந்ததால் கணினிப் பெட்டியின் பக்கக் கதவை மூடாமல் வைத்திருந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதுச் சாமான் எதுவானாலும் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் தொடுவோமா? யாரும் வருமுன் பூசையை நானே முடித்தேன். வெளியே பொட்டு வைத்தவன் அத்தோடு போயிருக்கலாம்... போனேனா? மூளை உள்ளேதானே இருக்கிறது, அதற்கல்லவா அருள் வேண்டும் என்று ஒரு சிட்டிகைத் திருநீற்றை உள்ளே தூவினேன். என்ன பக்தி! என்ன மடத்தனம்!

பத்து மணிக்குத் தகடு வந்தது. செல்வி அதைக் காலியாக இருந்த இடத்தில் செருகி இயக்கினாள். துரை வந்து உட்கார்ந்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, திரை அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துவிட்டுப் போட்டார். கறுப்பு. மறுபடியும் போட்டார். கறுப்பு!

"என்ன செல்வி, படுத்துருச்சு?"

"பாக்குறேன் சார்."

காலையில் தூவிய திருநீறு எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

துரை எழுந்து தன் அறைக்குப் போனார். பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! அவள் பதறவில்லை. கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினாள். ஓடவில்லை. தகடுகள் இரண்டையும் எடுத்தாள். பழையதை மட்டும் அதன் இடத்தில் செருகினாள்... ஓடியது. அதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் செருகினாள்... அதுவும் ஓடியது!

"அப்ப ரேம் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு ஐயா. அந்தக் காலி ஸ்லாட்தான் மக்கர் பண்ணுது."

கொழுந்து வெட்டிக் காய்த்துப்போன விரல்கள் அவை. அவை ஒன்றை விலக்கி ஒன்றை வைத்து, இது இல்லை, இதுவும் இல்லை என்று உண்மையை நோக்கி நகர்ந்ததை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெய் சிலிர்த்தது. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை, சத்தியம்!

கைப்பேசி வெளிச்சத்தை அந்தப் பிளவுக்குள் அடித்தாள். வெள்ளைத் துகள். விரல் நுனியில் ஒற்றி மோந்து பார்த்தாள். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன்... ஆனால் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ... என் நெத்தித் துன்னூறு ஐயா! குனிஞ்சு மாட்டுறப்ப கொட்டியிருக்கு."

துடைத்துச் செருகினாள். கணினி உயிர்த்தது. நேரே துரையிடம் போய்த் தன் தவறென்று சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள்! அவர் சிரித்தார்.

"நல்லவேளை, எரியல! மத்த மூணையும் டவுன் கடையிலயே குடுத்துருவோம்லா. நீ மலைக்கே போம்மா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் இருந்தது... ஏன் திறக்கவில்லை? வேலை போய்விடுமென்றா? இல்லை. துரை என்னைப் பார்த்துச் சிரிப்பாரே என்ற கூச்சம். அவ்வளவுதான்! அதற்காக ஒருத்தியின் வாழ்க்கையை மலையேற்றி அனுப்பினேன்.

அந்தக் கணினி இன்றும் ஓடுகிறது. செல்வி வெட்டிவரும் கொழுந்தின் எடையைத் தினமும் அதில்தான் பதிகிறேன்.

போன மாதம் என் வீட்டுக் கணினி நின்றுபோனது. வெட்கமில்லாமல் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"கொஞ்சம் வந்து பாரேன்மா."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாம் ஐயா. எனக்குக் கவனம் பத்தாது. உங்க சாமானையும் கெடுத்துருவேன்."

அங்கே வேறு யாரும் இல்லை. நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.