ஒரே கம்பெனி, இரண்டு டிராக்டர்

தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம், பழைய டிராக்டர் ஒன்று வாங்கி செங்கல் லோடு அடிக்க அப்பாவுக்கு ஆசை வந்தது. ஆசை என்ன ஆசை, பிடிவாதம்! ஆயுசெல்லாம் ஷாஃப்ட்டில் வைண்டர் டிரைவர். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் இன்ஜினை ஓட்டியவர். கையில் இன்ஜின் இல்லாமல் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

கோலார் பக்கம் ஒரு விவசாயி இரண்டு டிராக்டர் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, பெங்களூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். கூடவே அம்மா, அம்மாவின் தம்பி. மாமா ஃபாக்டரியில் ஃபிட்டர், வாயைத் திறந்தால் மூடமாட்டார்.

இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே சிவப்பு, ஏறக்குறைய ஒரே வயசு. என் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி துருப்பிடித்திருந்தன.

"சின்னது ரெண்டு சிலிண்டர் மாமா, டீசல் கம்மியாக் குடிக்கும். பெருசு மூணு, நல்லா இழுக்கும். ஒரே கம்பெனின்னாலும் இதோட கிளட்ச் பிளேட்டு அதுக்குச் சேராது" என்று மாமா அப்பாவிடம் சொன்னார்.

"பெருசுதான் மச்சான். சத்தத்தக் கேளு, இன்ஜின்னா இப்படிப் பேசணும்" என்று அப்பா ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். வண்டி உறுமியது. நகரவில்லை.

"இன்னா மாமா, கெளம்புங்க!" என்று மாமா கத்தினார்.

"பெல் அடிக்கலியே."

அட கடவுளே! சுரங்கத்துக்குக் கீழேயிருந்து பெல் வராமல் வைண்டர் டிரைவர் இன்ஜினைத் தொடமாட்டார். அம்மா ஒரு ஸ்பேனரை எடுத்து மட்கார்டில் இரண்டு தட்டு தட்டினாள். இரண்டு பெல் என்றால் கிளம்பு. வண்டி கிளம்பியது.

நேராக வைக்கோல் போரைப் பார்த்துப் போயிற்று. அப்பா தலையே நிமிரவில்லை. வைண்டர் ரூமில் கேஜ் கண்ணுக்குத் தெரியாது, ஆழம் காட்டும் முள்ளைப் பார்த்துத்தான் ஓட்டவேண்டும். இங்கேயும் ஆயில் மீட்டர் முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தார். "நில்லிஸ்ரீ! நில்லிஸ்ரீ!" என்று விவசாயி கன்னடத்தில் கத்திக்கொண்டே ஓடினார். அம்மா பக்கத்திலிருந்த சின்ன டிராக்டரின் மட்கார்டில் ஓங்கி ஒரே ஒரு அடி அடித்தாள். ஒரு பெல் என்றால் ஸ்டாப். வைக்கோலுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது.

அப்பா இறங்கினார். முகம் செத்துப்போயிருந்தது. "நமக்கு இது வேணாம். வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அம்மா மட்டும் சின்னதில் ஏறி, "மச்சானும் மாமனும் சிலிண்டர எண்ணினது போதும்" என்று மாமாவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னாள். மாமா சாவியைத் திருப்பினார், இன்ஜின் ஓடியது. அம்மா மீட்டரைத் தட்டிப் பார்த்தாள். ஒரு முள்ளும் அசையவில்லை.

"இதையே எடுத்துக்கறோம். இதுல அவரு ரோட்டத்தான் பாத்தாகணும்."

விவசாயி பதறிப்போய்க் கன்னடம் கலந்து, "மீட்டர நான் ரிப்பேர் மாடிக் கொடுத்துடறேன்மா" என்றார்.

"ஐயோ, அத மட்டும் தொட்டுடாதீங்க! அது செத்துக் கெடந்தாத்தான் எங்க வீட்டுக்காரரு உசுரோட வீட்டுக்கு வருவாரு."